ரக்பி மைதானத்தில் ஆரவாரம் சேர்க்கும்போது நடக்கும் தவறுகள்

2025-ல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் கோப்பையை வென்றது சென்னை புல்ஸ். அதற்குப் பிறகு வேலூர், காட்பாடி பக்கம் ஒரு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி) போட்டி நடத்தலாம் என்று யாராவது முன்வந்தால், ஆட்களைச் சேர்ப்பது பெரிய சிரமமாக இருக்காது. ஓட்டமும் மோதலும் நம் ஊர்க்காரர்களுக்குப் பிடித்த விஷயங்கள். ஆனால் வந்த கூட்டம் எப்போது கத்த வேண்டும், எப்போது அடங்க வேண்டும், எதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. நல்ல மனதோடு செய்கிற சில வேலைகள் சொந்த அணிக்கே பாதகமாக முடிகின்றன.

முதல் தவறு, காலையிலிருந்து மாலை வரை நிறுத்தாமல் மேளம் அடிப்பது. செவன்ஸ் ஆட்டம் பாதிக்கு 7 நிமிடம், இடைவேளை 2 நிமிடம். நாள் முழுக்க இப்படி அடுத்தடுத்து ஆட்டங்கள் வரும். நிறுத்தாமல் அடித்தால் மூன்றாவது ஆட்டத்திலேயே அந்தச் சத்தம் காதில் ஏறாது. ட்ரை (எதிரணியின் கோல்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) விழும்போது சத்தத்தை இன்னும் உயர்த்தக் கூட்டத்துக்கு இடமே இருக்காது. அதைவிட மோசம், ஆட்டக்காரர்களுக்குக் காது கேட்காமல் போவது. ஓரக்கோட்டைத் தாண்டிய பந்தை உள்ளே வீசி ஆட்டத்தைத் தொடரும் லைன்அவுட்டில் பந்து யாருக்கு வீசப்படும் என்பதை அணி ஒரு சங்கேதச் சொல்லால் சொல்லிக்கொள்ளும். நம் பந்தாக இருக்கும்போது நாம் மேளம் அடித்தால் நம் பையன்களுக்குத்தான் அது கேட்காது, பந்து எதிரணி கைக்குப் போகும்.

இரு அணியினரும் தோள் கொடுத்துத் தள்ளிப் பந்துக்குப் போட்டியிடும் ஸ்க்ரம் நேரத்தில் விஷயம் இன்னும் தீவிரமானது. நடுவர் “கிரௌச், பைண்ட், செட்” (குனி, பிடி, மோது) என்று வரிசையாகக் குரல் கொடுப்பார். செவன்ஸில் பக்கத்துக்கு மூன்று பேர் அந்தக் குரலுக்கு ஏற்பத்தான் தோளோடு தோள் மோதுகிறார்கள். ஒரு பக்கம் முன்னால் பாய்ந்து, மறுபக்கம் தயாராகாமல் இருந்தால் கழுத்தில் அடி படலாம். ஆகவே ஸ்க்ரம் என்றால் இரு தரப்பு மேளமும் நிற்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமே கிடையாது. மேளக் குழுவுக்குப் பக்கத்தில் ஆட்டம் தெரிந்த ஒருவரை நிறுத்தி, கையில் ஒரு சிவப்புத் துணியைக் கொடுங்கள். துணி மேலே போனால் கை நிற்க வேண்டும், கீழே வந்தால் அடிக்கலாம். காலையில் பத்து நிமிடம் ஒத்திகை பார்த்தால் போதும், பம்பைக்காரர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

ட்ரை விழுந்ததும் என்ன செய்வது? 5 புள்ளி வந்துவிட்டது, கூட்டம் துள்ளட்டும். ஆனால் ட்ரைக்குப் பிறகு கூடுதல் புள்ளிக்காக உதைக்கும் கன்வெர்ஷனுக்கு 30 வினாடிதான் நேரம், அதுவும் பந்தைத் தரையில் தட்டி எழும்பும்போது உதைக்கும் ட்ராப் கிக்காக இருக்க வேண்டும். முதல் 15 வினாடி முழு ஆரவாரம், உதைப்பவர் பந்தோடு நின்றதும் அமைதி என்று பழக்குங்கள். அயர்லாந்தில் லிமெரிக் நகரத்துத் தாமண்ட் பார்க் மைதானம் இந்த அமைதிக்கே பெயர் பெற்றது. எதிரணிக்காரர் உதைத்தாலும் அங்கே கூட்டம் மூச்சு விடாது. உதை முடிந்ததும் மறுபடி மேளம் எழலாம். செவன்ஸில் புள்ளி எடுத்த அணிதான் அடுத்த உதையைத் தொடங்கும் என்பதால், நம் அணி உதைத்துவிட்டுத் துரத்தப் போகிற அந்தக் கணம் சத்தத்துக்கு மிகப் பொருத்தமானது.

கபடிக் குரல் இங்கே செல்லாது

நம் பக்கத்துக் கூட்டம் கபடி பார்த்து வளர்ந்தது. ஒருவரை மடக்கியதும் “விடாதே, அமுக்கு” என்று கத்துவது தானாகவே வாயில் வந்துவிடும். ரக்பியில் அது நேர் எதிரான அறிவுரை. எதிராளியைக் கீழே சாய்த்தவர் உடனே அவரை விட வேண்டும். விழுந்தவரும் பந்தை உடனே விட வேண்டும். விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் பெனால்டி போகும். பதினெட்டு வயதுப் பையன் ஒருவன், முன்னூறு பேர் “விடாதே” என்று கத்தும்போது குழம்பி அரை வினாடி கூடுதலாகப் பிடித்துவிடுவது இயல்புதான். அந்த அரை வினாடிக்குத்தான் விசில். “கழுத்தைப் பிடி” என்று கத்துவது அதைவிட ஆபத்து. தோளுக்கு மேலே பிடித்தால் பெனால்டி, அட்டையும் காட்டலாம், செவன்ஸில் மஞ்சள் அட்டை என்றால் 2 நிமிடம் வெளியே.

மாற்றாக “எழுந்திரு”, “மேலே வா”, “ஓடு, ஓடு” போன்ற சொற்களைக் கொடுங்கள். ஒருவர் முதல் அடியைச் சொல்லி, கூட்டம் “வேலூரு” என்று முடிக்கிற மாதிரி அமைத்தால் மேளத்தோடு நன்றாகச் சேரும். ஏ, ஊ, ஓ போன்ற நெடில் உள்ள சொல் தூரம் போகும். வல்லின மெய் நெருக்கமாக வருகிற நீண்ட வாசகம் பத்து வரிசைக்கு அப்பால் வெறும் இரைச்சல்தான். மூன்று கோஷம் போதும். எட்டு, பத்து என்று அச்சடித்துக் கொடுத்தால் ஒன்றும் நினைவில் நிற்காது.

கூட்டத்தில் யாரும் விசில் ஊதக் கூடாது என்பதை மைக்கில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வாயால் அடிக்கும் சீழ்க்கை பரவாயில்லை. திருவிழாக் கடையில் விற்கிற பிளாஸ்டிக் விசிலும் நடுவரின் விசிலும் ஆட்டக்காரர் காதுக்கு ஒன்றுதான். ட்ரையை நோக்கி ஓடுகிறவர் நின்றுவிடுவார்.

இரண்டு முனையில் இரண்டு மேளம்

மைதானம் நிறைந்த மாதிரி தெரிய வேண்டும் என்று ஒரு செட் பம்பையை வடக்கு முனையிலும், இன்னொரு செட்டைத் தெற்கு முனையிலும் நிறுத்துகிறார்கள். கோல்கோட்டிலிருந்து கோல்கோட்டுக்கு அதிகபட்சம் 100 மீட்டர். ஒலி அந்தத் தூரத்தைக் கடக்கக் கிட்டத்தட்ட 0.3 வினாடி ஆகும். நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் ஓர் அடிக்கு அரை வினாடிதான். ஆக, எதிர் முனையின் மேளம் எப்போதுமே பாதி அடிக்கு மேல் பிந்தித்தான் காதில் விழும். வாசிப்பவர்கள் எவ்வளவு தேர்ந்தவர்களாக இருந்தாலும் இது சேராது. நடுவில் இருக்கிற கூட்டம் எந்தத் தாளத்துக்குக் கை தட்டுவது என்று தெரியாமல் கைகளை மடக்கிக்கொள்ளும். எல்லா வாத்தியத்தையும் கேலரியின் நடுப்பகுதியில், நான்காவது ஐந்தாவது படியில் ஒன்றாக உட்கார வையுங்கள். ஒலிபெருக்கிக் குழாய்களுக்கும் இதே கணக்குதான். இரு முனையிலும் கட்டினால் அறிவிப்பு இரண்டு முறை கேட்கும்.

பறை வருவதாக இருந்தால், தோலைக் காய்ச்சத் தீ மூட்ட இடம் வேண்டும். மார்கழி, தை மாதக் காலைப் பனியில் தோல் தொய்ந்துவிடும், காய்ச்சாமல் நாதம் எழாது. ஷாமியானாவுக்கும் மக்கள் உட்காரும் இடத்துக்கும் தள்ளி, புகையும் பொறியும் கூட்டத்தின் மேல் வராதபடி காற்று விலகி வீசும் பக்கம் ஓர் இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி, பக்கத்தில் இரண்டு வாளி மணல் வையுங்கள். கலைஞர்களுக்கு நிழலும் சாப்பாடும் பேசிய சம்பளமும் சரியாகக் கிடைத்ததா என்று பார்ப்பதும் ஏற்பாட்டாளர் வேலைதான்.

வேலூர் மருத்துவமனைகள் நிறைந்த ஊர். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மைக் அனுமதிக்குக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கும்போதே மேளத்தையும் சேர்த்து எழுதிவிடுங்கள். குழாய்களை மருத்துவமனை இருக்கும் திசைக்கு முதுகு காட்டிக் கட்டுங்கள்.

நிறம்

இரண்டு மூன்று நிறத்தைச் சேர்த்துக் கொடி தைப்பது நம் ஊரில் அவசரப்பட்டுச் செய்யக் கூடாத வேலை. எந்த இரண்டைச் சேர்த்தாலும் ஏதோ ஒரு கட்சியின் கொடியோ ஒரு சங்கத்தின் கொடியோ நினைவுக்கு வரும். வந்தவர்களில் பாதிப் பேர் அதைக் கையில் எடுக்கத் தயங்குவார்கள், காவலரும் வந்து கேட்பார். ஒரே ஒரு அழுத்தமான நிறம், அதன்மேல் வெள்ளையில் ஒரு பந்து வடிவம் அல்லது ஊர்ப் பெயர் போதும். எதிரணியின் ஜெர்சி நிறம் என்ன என்பதை ஒரு வாரம் முன்பே கேட்டு வைப்பதும் அவசியம். இரு தரப்பும் நீலத்தில் வந்தால் கூட்டத்தின் நிறம் யாருக்கும் சொந்தமில்லாமல் போகும்.

டி-ஷர்ட்டுக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள். பாலியெஸ்டர் துணியில், மூன்று அளவில், பாதிப் பேருக்குப் பொருந்தாமல், வேலூர் வெயிலில் உடம்போடு ஒட்டிக்கொள்கிற சட்டை அது. பருத்தித் துண்டே இங்கே உகந்தது. 30-க்கு 60 அங்குலத் துண்டு எல்லாருக்கும் பொருந்தும். தலையில் கட்டினால் வெயிலுக்கு ஆகும், தலைக்கு மேல் சுழற்றினால் முழுக் கேலரியும் ஒரே நிறத்தில் அசையும், ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் பயன்படும். கூரான கம்போ இரும்புக் குழாயோ கிடையாது, பின்னால் இருப்பவர் கண்ணில் குத்தாது. குடியாத்தத்திலோ வேலூர் ஜவுளிக் கடைகளிலோ மொத்தமாகச் சொல்லும்போது ஒரே சாயத் தொட்டியில் போட்ட சரக்காகக் கேளுங்கள். இரண்டு தவணையாக வாங்கினால் நிறம் கொஞ்சம் மாறும், தூரத்தில் அது திட்டுத்திட்டாகத் தெரியும்.

சாயம் ஓடுமா என்று பார்க்காமல் வாங்குவது அடுத்த தவறு. ஒரு துண்டின் முனையை நனைத்து, வெள்ளைத் துணியில் இருபது முறை தேயுங்கள். லேசாக ஒட்டினால் இரண்டு தண்ணீரில் அலசினால் சரியாகும். அலசிய பிறகும் ஒட்டினால் சரக்கைத் திருப்பிக் கொடுங்கள். அடர் சிவப்பும் கருநீலமும்தான் பெரும்பாலும் இப்படிக் கழுத்திலும் சட்டையிலும் இறங்கும்.

பேனர் எழுதுகிறவர்கள் எழுத்தின் உயரத்தைக் கணக்கிடுவதே இல்லை. 10 மீட்டர் தூரத்துக்கு 8 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 மீட்டர் அகல மைதானத்தின் எதிர்ப்பக்கம் தெரிய வேண்டுமென்றால், ஓர இடைவெளியையும் சேர்த்துக் குறைந்தது 60 செ.மீ. வேண்டும், கோட்டின் தடிமன் 10 செ.மீ. 36 அங்குல பாப்ளின் துணியில் இந்த உயரம் சரியாக அமையும், மேலே புள்ளிக்கும் கீழே சுழிக்கும் 15 செ.மீ. இடம் மிச்சமிருக்கும். “வேலூர்” என்று எழுத மூன்றரை மீட்டர் துணி போதும். ஒரு முழு வாக்கியம் எழுத ஆசைப்பட்டால் எழுத்து சிறுத்து, எதிரே இருப்பவருக்குக் கோடாகத்தான் தெரியும். ஃப்ளெக்ஸ் வேண்டாம், காற்று புகாமல் பாய்மரமாக உப்பிக் கட்டைகளை இழுத்துச் சாய்த்துவிடும். பேனரைக் கேலரியின் முதல் படிக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் கட்டுங்கள். அப்போதுதான் யார் பார்வையும் மறையாது.

முகத்தில் பூச எனாமல், ஃபேப்ரிக் பெயின்ட், போஸ்டர் கலர் எதுவும் கூடாது. தோலுக்கென்றே விற்கிற தண்ணீரில் கரையும் நிறத்தில் கன்னத்துக்கு இரண்டு கோடு போதும். கண்ணுக்குக் கிட்டே பூசினால் வியர்வையோடு கண்ணில் இறங்கும்.

நிறப் பொடியைக் காற்றில் தூவுவதை முற்றாக விட்டுவிடுங்கள். சோள மாவில் செய்த பொடி என்றாலும், நெரிசலில் மேகமாக மிதந்தால் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். தைவானில் 2015-ல் ஒரு நீர்ப் பூங்கா விழாவில் இப்படித் தீப்பிடித்து 15 பேர் இறந்தார்கள். ஹைட்ரஜன் நிரப்பிய காஸ் பலூனும், புகைக் குப்பியும் இதே பட்டியலில் வருபவை. குப்பியின் சூடு பட்டால் பாலியெஸ்டர் ஜெர்சி உருகித் தோலோடு ஒட்டும்.

எல்லைக் கோடும் வெயிலும்

மாடு விடும் விழா பார்த்தவர்களுக்குத் தெரியும், கூட்டம் ஓரத்தில் நிற்காது, பாதைக்குள் சாயும். ரக்பியிலும் அப்படித்தான். முழு வேகத்தில் ஓடுகிறவரை டச்லைனுக்கு (பக்கவாட்டு எல்லைக் கோடு) வெளியே தள்ளுவது ஆட்டத்தின் சாதாரண நகர்வு, அவர் நிற்க இடம் வேண்டும். கோட்டிலிருந்து 5 மீட்டருக்குள் ஆளோ நாற்காலியோ மேளமோ இருக்கக் கூடாது. சவுக்குக் கட்டை நட்டுக் கயிறு கட்டுவதென்றால் அதற்கும் பின்னால்தான். பார்வையாளர் கோட்டைச் சாக் பவுடரில் போடுங்கள், நீற்றாத சுண்ணாம்பு வியர்த்த தோலையும் கண்ணையும் எரித்துவிடும். கோல்கம்பத்துக்குப் பின்னால் பந்து பொறுக்க இரண்டு பையன்களை நியமித்தால் சிறுவர்கள் கூட்டமாக உள்ளே ஓட மாட்டார்கள்.

ஷாமியானாவை மைதானத்தின் கிழக்குப் பக்கம் போட்டால், மூன்று மணிக்கு மேல் சூரியன் நேராகக் கண்ணில் விழும். மேற்குப் பக்கம் போட்டால் வெயில் முதுகுக்குப் போகும், நிழலும் முன்னால் விழும். ஒரே கேலரி கிழக்கில் இருக்கிற மைதானம் என்றால் முக்கிய ஆட்டங்களைக் காலை பத்து மணிக்குள் முடிப்பதே மேல். ஏப்ரல், மே மாதங்களில் பகல் போட்டி வைத்துவிட்டுக் கூட்டம் வரவில்லை என்று வருத்தப்பட முடியாது. மார்ச்சில் பரீட்சை. பொங்கலுக்குப் பிறகு பிப்ரவரி நடுப்பகுதி வரைதான் பனியும் வெயிலும் தாங்கக்கூடிய காலம். மூன்று மணி நேரத்துக்கு ஆளுக்கு ஒரு லிட்டர் என்று கணக்கிட்டு, நூறு பேருக்கு 20 லிட்டர் கேன் ஐந்து வாங்கி வையுங்கள். கேன்களை நுழைவாயிலில் குவிக்காமல் கேலரியின் இரு ஓரங்களிலும் வையுங்கள், தண்ணீருக்குப் போனவர் இருக்கையை விட்டால் பெரும்பாலும் திரும்புவதில்லை. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லாத மைதானத்துக்குக் குடும்பங்கள் ஒரு முறை வரும், இரண்டாம் முறை வராது.

உள்ளூர் அணியின் ஆட்டத்தைக் காலை ஏழரைக்குப் போட்டுவிட்டு மாலையில் வேற்று ஊர் இறுதிப் போட்டி வைத்தால் மேளம் அடிக்கவே ஆள் இருக்காது. அட்டவணை போடும்போது உள்ளூர் அணிக்கு நான்கரை மணிக்கு மேல் ஓர் ஆட்டமாவது ஒதுக்குங்கள்.

கடைசி ஆட்டம் முடிந்ததும் கட்டுக்கம்பித் துண்டு, குண்டூசி, ஆணி எல்லாவற்றையும் அன்று மாலையே பொறுக்கிவிட வேண்டும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தங்களை ஒரு கட்டையில் வரிசையாகக் கட்டி, கேலரிக்கு முன்னாலும் எல்லைக் கயிற்றோரமும் இரண்டு முறை இழுத்தால் கண்ணுக்குத் தப்பியதும் வந்துவிடும். மறுநாள் காலையில் அதே மண்ணில்தான் பையன்கள் முழங்காலோடு விழுந்து பயிற்சி செய்வார்கள்.