பர்ஸுக்குள் ஒரு பூதக்கண்ணாடி

ஏடிஎம் கார்டு அளவில், வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் பூதக்கண்ணாடி கிடைக்கிறது. விளையாட்டுப் பொருள் மாதிரிதான் இருக்கும். ஆனால் மாத்திரை அட்டையின் காலாவதித் தேதி, சார்ஜரில் பொடி எழுத்தில் உள்ள வோல்ட் அளவு, விரலில் ஏறிய முள் எல்லாம் தெளிவாகத் தெரியும். அவசியம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

தடிமனான கண்ணாடிக்குப் பதில் வட்ட வட்டமான நுண்ணிய பள்ளங்களே இதில் ஒளியை வளைக்கின்றன. 1820களில் பிரெஞ்சுப் பொறியாளர் ஃபிரெனல் கலங்கரை விளக்குகளுக்காக உருவாக்கிய உத்தி இது!

எழுத்தின் மேல் ஒட்டி வைக்காமல் மெல்லத் தூக்கிக்கொண்டே வாருங்கள். ஓர் உயரத்தில் பளிச்சென்று தெரியும். கீறல் விழாமலிருக்க உறை அவசியம். அப்புறம், வெயில் படும் இடத்தில், முக்கியமாகக் கார் டேஷ்போர்டில், திறந்து போட்டுவிடாதீர்கள். வெயிலைக் குவித்துத் தீப்பற்ற வைத்துவிடும்.