மெயின்ஃப்ரேம் டிஸ்கில் கோப்புக்கு இடம் ஒதுக்குவது எப்படி?

லேப்டாப்பில் ஒரு கோப்பைச் சேமிக்கும்போது அது எவ்வளவு பெரிதாகும் என்று யாரும் நம்மிடம் கேட்பதில்லை. ஐபிஎம் மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கணினியில் ஓடும் இயங்குதளமான இசட் ஓஎஸ் கேட்கும். கோப்பை, அதாவது அங்கே சொல்வதுபோல் டேட்டாசெட்டை, உருவாக்கும் முன்பே அளவைச் சொல்லியாக வேண்டும். புதிதாக வருபவர்கள் பலர் இங்கே ஏதோ ஓர் எண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஐந்து நிமிடக் கணக்குதான் இது, ஒருமுறை கற்றுக்கொண்டால் போதும்.

80 பைட் நீளமுள்ள ரெக்கார்டுகள், அதாவது தரவு வரிகள், ஒரு லட்சம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 80 என்பது பழைய துளை அட்டையின் நீளம். இன்றும் மெயின்ஃப்ரேமில் எங்கு பார்த்தாலும் இருக்கும்.

படி 1: டிஸ்கின் அளவுகள்

மெயின்ஃப்ரேம்காரர்கள் டிஸ்கை டாஸ்டி என்பார்கள். டேப் போல முதலிலிருந்து ஓட்டிக்கொண்டு வராமல், வேண்டிய இடத்துக்கு நேரே போய்ப் படிக்கலாம். 1956-இல் ஐபிஎம் கொண்டுவந்த ராமாக் இந்த வகையில் முதலாவது: 24 அங்குலத் தட்டுகள் 50, கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள்.

நமக்கு வேண்டியது 1989-இல் வந்த 3390. அந்தச் சுழலும் பெட்டிகள் இன்று இல்லை. ஃப்ளாஷ் நிரம்பிய சேமிப்புப் பெட்டிகள்தான் இருக்கின்றன. ஆனால் அவையும் இசட் ஓஎஸ்ஸிடம் தங்களை 3390 என்றே காட்டிக்கொள்கின்றன. அதனால் பழைய அளவுகளே இன்றும் செல்லும்: ஒரு டிராக்கில் (தட்டில் ஒரு வட்டப் பாதை) 56,664 பைட், ஒரு சிலிண்டரில் (தட்டுகளில் ஒரே நிலையில் உள்ள டிராக்குகளின் தொகுப்பு) 15 டிராக்.

படி 2: பிளாக் அளவு

முழுக் கணக்கும் இதில்தான் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ரெக்கார்டுகள் பிளாக் பிளாக்காகத்தான், அதாவது கட்டுக்கட்டாகத்தான், டிராக்கில் எழுதப்படும். ஒவ்வொரு பிளாக்குக்கும் முன்னால் அதன் அடையாளக் குறிப்பும் இடைவெளியும் இடம் பிடிக்கும். பிளாக்குக்கு ஒரே ரெக்கார்டு என்று வைத்தால், டிராக்குக்கு 78 ரெக்கார்டுதான் கொள்ளும். 78 × 80 = 6,240 பைட். ஐம்பத்தாறாயிரத்தில் ஆறாயிரம்! ஒரு லட்சம் ரெக்கார்டுக்கு 1,283 டிராக், அதாவது 86 சிலிண்டர் வேண்டும்.

சரி, பிளாக்கை முடிந்த அளவு பெரிதாக்கினால்? உச்ச வரம்பு 32,760 பைட். 80-ஆல் வகுபடும்படி 32,720 என்று வைத்தால், டிராக்கில் ஒரு பிளாக்தான் நுழையும். மிச்சமுள்ள இடம் இரண்டாவது பிளாக்குக்குப் போதாது. டிராக்குக்கு 409 ரெக்கார்டு.

நடுவில் இருக்கிறது சரியான அளவு. ஒரு டிராக்கில் இரண்டு பிளாக் நுழைய வேண்டுமானால் ஒவ்வொன்றும் 27,998 பைட்டைத் தாண்டக்கூடாது. அதற்குள் 80-இன் மிகப் பெரிய மடங்கு 27,920. பிளாக்குக்கு 349 ரெக்கார்டு, டிராக்குக்கு 698.

டிஸ்க் மலிவாகிவிட்டது, இதெல்லாம் எதற்கு என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. இடத்தைவிட நேரம் முக்கியம். 27,920 வைத்தால் மொத்தக் கோப்பும் 287 பிளாக்கில் முடிந்துவிடும். ஒற்றை ரெக்கார்டு பிளாக் என்றால் படிக்க வேண்டியது ஒரு லட்சம் பிளாக்.

நல்ல செய்தி: பிளாக் அளவை 0 என்று கொடுத்தால் இசட் ஓஎஸ்ஸே இந்த 27,920-ஐத் தேர்ந்தெடுக்கும். அப்படியே விடுங்கள்.

படி 3: டிராக், சிலிண்டர்

1,00,000 ÷ 698 = 143.3. மேல்நோக்கி முழுமையாக்கினால் 144 டிராக். 15-ஆல் வகுத்தால் 9.6, எனவே 10 சிலிண்டர்.

படி 4: பிரைமரி, செகண்டரி

பிரைமரி என்பது முதலில் ஒதுக்கும் இடம், இங்கே 10. அது நிரம்பினால் கூடுதலாக வாங்கிக்கொள்ளும் தவணை செகண்டரி. அதை 2 என்று வைப்போம். சாதாரண வரிசைக் கோப்பு ஒரு டிஸ்கில் 16 துண்டு (தொடர்ச்சியான இடப்பகுதி) வரைதான் பிடிக்க முடியும். பிரைமரி ஒரே துண்டாகக் கிடைத்தால் செகண்டரி 15 முறை வரும்: 10 + 30 = 40 சிலிண்டர், சுமார் 4 லட்சம் ரெக்கார்டு. டிஸ்கில் காலியிடம் சிதறிக் கிடந்தால் பிரைமரியே ஐந்து துண்டு வரை உடையலாம். அப்போது தவணைகள் குறையும்.

செகண்டரியை 0 என்று விட்டு, இடமும் போதாமல் போனால் ஜாப், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் வேலை, டி37 என்ற பிழைக் குறியோடு நின்றுவிடும். 16 துண்டும் தீர்ந்தாலோ டிஸ்கே நிரம்பினாலோ பி37.

படி 5: உருவாக்குதல்

இசட் ஓஎஸ்ஸின் திரை மெனுவான ஐஎஸ்பிஎஃப்பில் 3.2-க்குப் போய், புதிதாக ஒதுக்க 'ஏ' கொடுத்து, உங்கள் யூசர் ஐடியில் தொடங்கும் பெயரை இடுங்கள். அடுத்த திரையில் அலகு சிலிண்டர், பிரைமரி 10, செகண்டரி 2, டைரக்டரி பிளாக் 0, ரெக்கார்டு வடிவம் எஃப்பி (ஒரே நீள ரெக்கார்டுகள், பிளாக்குகளாக), நீளம் 80, பிளாக் அளவு 0. என்டர் தட்டினால் முடிந்தது.

படி 6: சரிபார்த்தல்

தரவை ஏற்றிய பிறகு 3.4-இல் பெயரைத் தேடிப் பாருங்கள். 150 டிராக் ஒதுக்கியதில் 144 பயன்பட்டிருப்பதால் 96 சதவீதம் காட்டும். துண்டுகளின் எண்ணிக்கையும் அங்கேயே தெரியும். அது மாதாமாதம் ஏறி 12, 13 என்று வந்தால் பி37 வரும்வரை காத்திருக்க வேண்டாம். பெரிய பிரைமரியோடு புதிய டேட்டாசெட் ஒன்றை உருவாக்கி, தரவை நகலெடுத்து, அப்புறம் பழையதை நீக்கிவிட்டுப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.