சாமி கும்பிடாத மருமகள் வீட்டில் வாயைத் திறப்பது எப்படி

சென்னையில் கடவுள் இல்லை என்று சொல்ல ஆண்களுக்கு அதிகம் சிரமமில்லை. கறுப்புச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டால் "அவர் அந்தக் கட்சி" என்று தெருவே ஒதுங்கிப் போகும். பெண்ணுக்கு அப்படி இல்லை. நெற்றியில் பொட்டு இல்லாமல் பால் வாங்கப் போனாலே "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்பார்கள். அயனாவரத்தில் குடியிருந்து, ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதி, சாமி கும்பிடாமல் குடும்பம் நடத்துகிறவள் நான். எங்கள் ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்று பேசுவோம் என நினைப்பீர்கள். பேசுவதெல்லாம் "மாமியார் விபூதி நீட்டினா நீ என்ன பண்றே?" என்பதுதான். புதிதாக வருகிற பெண்கள் முதலில் கேட்பதும் அதையே. அவர்களுக்காக இது.

எதற்கு விட்டுக்கொடுப்பது, எதற்கு முடியாது என்பதை முன்னாலேயே முடிவு செய்துவிடுங்கள். தட்டு முகத்துக்கு நேரே வந்த பிறகு யோசித்தால் சண்டைதான். என் கணக்கு இது: சாப்பாடு சரி, பணமும் பிள்ளையும் கிடையாது. சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுவேன். பரிகாரத்துக்குப் பணம், ஜோசியர் சொன்னதால் பிள்ளைக்குப் பெயர் மாற்றம், நாள் நன்றாக இல்லை என்று ஆபரேஷனைத் தள்ளிப் போடுவது என்றால் எழுந்து நின்று பேசுவேன். உங்கள் கோடு வேறு இடத்தில் இருக்கலாம். பிரசாதத்தைத் தொடாத தோழிகளும் எனக்கு உண்டு. ஆனால் போட்ட கோட்டை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். நேற்று வாங்கிக்கொண்டு இன்று மறுத்தால் அதை யாரும் கொள்கை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், கோபம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

விபூதிக்கு என் பதில் "வேண்டாம் அத்தை." அவ்வளவுதான். காரணம் சொல்லக் கூடாது. அவர் கேட்டது "வெச்சுக்கிறியா" என்று. கடவுள் உண்டா இல்லையா என்று கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லப் போய்த்தான் பாதி வீடுகளில் ரகளை. வேண்டாம் என்று சொன்ன கையோடு தட்டை நானே வாங்கி, பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் மாமாவிடம் நீட்டிவிடுவேன். தட்டு நகர்ந்துவிட்டால் பேச்சும் நகர்ந்துவிடும்.

ஆடி மாதம் தனிக் கதை. எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏதாவது ஓர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். அதற்கு முன்னாலேயே பையன்கள் ரசீது புக்கோடு வாசலில் நிற்பார்கள். "எனக்குச் சாமி நம்பிக்கை இல்லப்பா" என்று ஆரம்பித்தால் பத்து நிமிடம் போய்விடும், தெருவும் வேடிக்கை பார்க்கும். நான் சொல்வது: "ரசீதெல்லாம் வேணாம் தம்பி, கூழுக்குக் கேழ்வரகு மாவு வாங்கித் தரேன்." இப்போதெல்லாம் அவர்களே "அக்கா, மாவு?" என்றுதான் வருகிறார்கள். கூழையும் கருவாட்டுக் குழம்பையும் நான் விடுவதில்லை. வடசென்னையில் இருந்துகொண்டு அதை விட்டால் நஷ்டம் எனக்குத்தான்.

மைக் செட் விஷயம் மட்டும் கொஞ்சம் சூட்சுமம். ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் விதி. விழா நாட்கள் சிலவற்றுக்கு அரசு தளர்வு தரலாம், அது வேறு. இதை நீங்கள் போய்க் கேட்டால் "இந்தம்மாவுக்குச் சாமின்னாலே ஆகாது" என்று முடித்துவிடுவார்கள். எதிர் வீட்டில் பக்தியுள்ள ஒரு அக்கா இருப்பார், அவர் பேத்திக்குப் பரீட்சை இருக்கும். அவரை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் நில்லுங்கள்.

இனி பெரியப்பாக்கள். எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். கல்யாண வீட்டில் இலை போடும் நேரம் பார்த்து, "1995ல பிள்ளையார் பால் குடிச்சாரே, அதுக்கு என்ன சொல்றே?" என்பார். அந்த செப்டம்பர் 21 பலருக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரே நாளில் டெல்லியிலிருந்து லண்டன் வரை பரவிய செய்தி அது. அரசு விஞ்ஞானிகள் அப்போதே வண்ணம் கலந்த பாலைக் கொடுத்துப் பார்த்து, சிலை மேல் நிறம் வழிந்ததைக் காட்டினார்கள். ஆனால் பெரியப்பாவிடம் விஞ்ஞானி பெயர் சொல்லிப் பயனில்லை. அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது அம்மிக் குழவியை எடுங்கள்.

கல்லை நன்றாகக் கழுவி, ஈரத்தோடே ஒரு தட்டில் நிமிர்த்தி வையுங்கள். டீஸ்பூனில் பாலைத் தளும்பத் தளும்ப ஊற்ற வேண்டும். விளிம்புக்கு மேல் பால் லேசாகப் புடைத்து நிற்கும், அதுதான் தேவை. ஸ்பூனின் விளிம்பைக் கல்லின் வளைவில் தொட்டுப் பிடித்து, சாய்ப்பது தெரியாத அளவுக்குச் சாயுங்கள். புடைத்த பால் கல்லைத் தொட்டதும் ஈரம் அதை இழுத்துக்கொள்ளும். பின்னாலேயே மீதியும் போகும். மேலிருந்து பார்ப்பவருக்கு ஸ்பூன் காலியாவது மட்டும்தான் தெரியும். பளிங்குச் சிலையிலோ வெள்ளிச் சிலையிலோ அந்த மெல்லிய பால் படலம் கண்ணுக்குச் சிக்காது. கறுப்புக் குழவியில் வெள்ளைக் கோடு இறங்கித் தட்டில் தேங்குவது பளிச்சென்று தெரியும்.

செய்து காட்டும்போது நக்கல் கூடாது. "நீங்களே பிடிங்க பெரியப்பா" என்று ஸ்பூனை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் பிடிப்பார், பால் போகும், "அது வேற, இது வேற" என்பார். அத்தோடு விட்டுவிடுங்கள். அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நிற்காதீர்கள். சுற்றி நிற்கும் பிள்ளைகள் அன்று சாயங்காலம் வரை வீட்டில் இருக்கிற பொம்மைக்கெல்லாம் பால் ஊட்டிக்கொண்டிருப்பார்கள், எனக்கு அது போதும்.

"எல்லாம் அந்த ஈ.வெ.ரா. வந்து கெடுத்தது" என்பது அடுத்த அஸ்திரம். இதற்கு ஒரு தேதி கையில் வைத்திருங்கள். கடவுள் மறுப்புப் பேசிய சென்னை லௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' என்ற பத்திரிகையை நடத்த ஆரம்பித்தது 1882இல். "அப்போ பெரியாருக்கு மூணு வயசு, பெரியப்பா." இதைச் சொல்லிவிட்டுப் பாயசம் பரிமாறப் போய்விடலாம்.

அய்யர் இல்லாமல் கல்யாணம் செல்லுமா என்று அம்மாக்கள் கேட்பது வம்புக்கு அல்ல, பயத்தில். அங்கே மட்டும் பொறுமையாக முழு விவரம் சொல்லுங்கள். 1967இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். உறவினர், நண்பர்கள் முன்னிலையில் உறுதிமொழி சொல்லிக்கொண்டாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ செல்லும். அதற்கு முன்னால் நடந்த சுயமரியாதைக் கல்யாணங்களையும் அதே பிரிவு செல்லுபடியாக்கியது. இருவரில் ஒருவர் முஸ்லிமோ கிறிஸ்தவரோ என்றால் இது உதவாது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போக வேண்டும், முப்பது நாள் நோட்டீஸ் உண்டு. எப்படி நடந்தாலும் தொண்ணூறு நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

குடும்ப வாட்ஸ்அப்பில் சாமியைக் கேலி செய்யும் மீம் போடாதீர்கள். மத உணர்வைத் திட்டமிட்டுப் புண்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை என்கிற பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 299 என்று இருக்கிறது. வழக்கை விடுங்கள், 2017இல் கோவையில் நாத்திகம் எழுதிய ஃபாரூக்கைக் கொன்றே போட்டார்கள். துணிச்சல் வேண்டும்தான், வீட்டு விலாசத்தோடு சேர்த்து வேண்டாம்.

கடைசியாக, சாவு. இதை நல்லபடியாக இருக்கும்போதே பேசிவிட வேண்டும். உடல் தானம் என்று நீங்கள் மருத்துவக் கல்லூரியில் எழுதிக் கொடுத்திருந்தாலும், அன்றைக்கு ஒப்படைக்கப் போவது வீட்டார்தான். அவர்கள் மனசு வைக்காவிட்டால் அந்தக் காகிதம் பீரோவிலேயே கிடக்கும். விபத்து, போஸ்ட்மார்ட்டம் என்று போன உடலை வாங்க மாட்டார்கள். கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், ஆகவே யார் போன் பண்ணுவது என்று ஆளை இப்போதே சொல்லி வையுங்கள்.

எங்கள் வீட்டில் இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் அத்தை கேட்டார், "அப்ப உனக்குத் தெவசம்?"

"பிரியாணி போடச் சொல்லுங்க அத்தை."

"எனக்கு அப்படியெல்லாம் பண்ணிடாதே."

பண்ண மாட்டேன். அவர் காரியம் அவர் இஷ்டப்படிதான். அதையும் கேட்டு நோட்டில் எழுதி வைத்துவிட்டேன்: ஓட்டேரி சுடுகாடு, பச்சைப் பட்டு, மேளம் உண்டு, பட்டாசு வேண்டாம், பதினாறாம் நாள் சாப்பாட்டில் கத்தரிக்காய் சேர்க்கவே கூடாது.