ஏரிக்கரைச் சிற்றூருக்குச் செல்வோருக்கு

ஏரிக்கரைச் சிற்றூர்களில் தங்கும் அறைகள் குறைவு என்பதால், வார இறுதியைத் தவிர்த்து இடைப்பட்ட நாட்களில் செல்வதும், அறையை முன்னதாகவே பதிவு செய்துகொள்வதும் நல்லது.

படகுப் பயணத்தைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறும்போது நிலம் நீரைவிட விரைவாகச் சூடாவதால், நண்பகலுக்குப் பின் பெரிய ஏரிகளில் நீரிலிருந்து கரையை நோக்கிக் காற்று வீசத் தொடங்கும். காலையில் கண்ணாடிபோல் கிடந்த நீர்ப்பரப்பு அலைபாயும்போது, துடுப்புப் படகை விரும்பிய திசையில் செலுத்துவது பழகாதவர்களுக்குக் கடினம். லைஃப் ஜாக்கெட்டைப் படகில் வைத்திருப்பது போதாது, அணிந்திருக்க வேண்டும். (நீச்சல் தெரியும் என்பவர்களே பெரும்பாலும் இதை மறுப்பார்கள்.) இடியோசை கேட்டால் உடனே கரையேறி, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடங்கள் கழியும்வரை நீரில் இறங்காதீர்கள்.

மேற்பரப்பு வெதுவெதுப்பாக இருந்தாலும் சற்று ஆழத்தில் நீர் மிகவும் குளிர்ந்திருக்கலாம். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கவர்வதால், தலைகீழாகக் குதிக்காமல் மெல்ல இறங்கி உடலைப் பழக்கிக்கொள்வதே முறை. பச்சை நிறப் படலம் மிதக்கும் இடத்தில் குளிப்பதைத் தவிர்த்துவிடுங்கள். அது நச்சு உமிழும் நுண்ணுயிர்களாக இருக்கக்கூடும், நாய்களையும் அங்கே விடக்கூடாது.

அருகிலுள்ள குன்றுகளுக்கு நடைப்பயணம் செல்வதானால், செல்லும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் விடுதியில் சொல்லிவிட்டு, கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது என்றே கொண்டு, காகித வரைபடத்துடன் புறப்படுங்கள்.