புல்லட் சேசிஸில் டீசல் இன்ஜின்: முதல் முறை கட்டுபவர்களுக்கு

ராயல் என்ஃபீல்டு ஒரு காலத்தில் டாரஸ் என்ற டீசல் புல்லட்டையே விற்றது. 325 சிசி கிரீவ்ஸ் லோம்பார்டினி இன்ஜின், 6.5 எச்பி, மணிக்கு 65 கி.மீ.தான் உச்சம். இப்போது நல்ல டாரஸ் கிடைப்பது அரிது. ஆனால் ஜெனரேட்டருக்கும் தண்ணீர் பம்புக்கும் வரும் 186எஃப் வகை டீசல் இன்ஜின் கிடைக்கிறது: 406 சிசி, ஏர் கூலிங், சுமார் 10 எச்பி, ஏறக்குறைய 50 கிலோ. அதைப் பழைய புல்லட் 350-இல் ஏற்றும் முறை இது.

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி ஆர்சி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. எனவே தோப்பு, பண்ணை, சொந்த நிலத்தில் ஓட்டுவதற்கான வண்டியாகவே இதை நினைத்துக் கட்டுங்கள்.

படி 1: வண்டியும் இன்ஜினும்

4 கியர் உள்ள பழைய கேஸ்ட் அயர்ன் புல்லட்தான் வேண்டும். அதில் கியர்பாக்ஸ் தனிப் பெட்டி. இன்ஜினின் முதுகில் ஸ்டட் போட்டுப் பிடித்திருக்கும். பிற்கால யுசிஇ (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன் இன்ஜின்) புல்லட்டில் கியர்பாக்ஸும் இன்ஜினும் ஒரே வார்ப்பு, இந்த வேலைக்கு உதவாது.

இன்ஜின் வாங்கும்போது ஏமாறும் இடம் ஷாஃப்ட். 186எஃப்-இல் கிராங்க்கிலிருந்து நேராக 3600 ஆர்பிஎம் தரும் ரகமும் உண்டு, கேம்ஷாஃப்ட் வழியாக 1800 தரும் ரகமும் உண்டு. நமக்கு 3600 ரகம். கயிற்றை மெதுவாக இழுத்து, ஷாஃப்ட் முனையை நேராகப் பாருங்கள்: கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். அந்த முனை வண்டியின் இடப்பக்கம் வரும்படி வைத்தால் சக்கரம் முன்னோக்கி ஓடும். திசையைப் பார்க்காமல் தவறான ரகத்தை மாட்டினால் நான்கு ரிவர்ஸ் கியர்தான் மிஞ்சும்.

படி 2: தொட்டில்

புல்லட் சேசிஸுக்கு அடியில் குழாய் கிடையாது. முன் டவுன்டியூபையும் (ஹேண்டிலுக்கு அடியிலிருந்து இறங்கும் குழாய்) பின்பகுதியையும் இணைப்பதே பழைய இன்ஜின்தான். 186எஃப் தரையில் போல்ட் போட்டு நிறுத்தும் இன்ஜின். அதன் அலுமினிய அடிப்பாகத்தைச் சேசிஸின் பாகமாக்கினால் விரிசல் விடும். அதனால் இருபுறமும் 8 மி.மீ. எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) பிளேட்டில் முன் டவுன்டியூப் முதல் கியர்பாக்ஸின் பின்பக்கம் வரை ஒரே துண்டாகத் தொட்டில் செய்யுங்கள். இரண்டையும் குறுக்குப் பட்டைகளால் வெல்டிங் செய்து இணைத்து, அவற்றின் மேல் இன்ஜினை உட்கார வையுங்கள். கியர்பாக்ஸின் முன் ஸ்டட்களுக்கும் ஒரு செங்குத்து பிளேட் தேவை, ஏனென்றால் அவை பிடித்திருந்த பழைய கிராங்க்கேஸ் இப்போது இல்லை.

அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்த பிறகே பிளேட்டில் கை வையுங்கள். இன்ஜின் போல்ட் துளைகளை 15 மி.மீ. நீளத் துளையாகப் போடுங்கள். செயின் இறுக்க அதுதான் வழி. ஹெட்டிலிருந்து மேல்குழாய்க்கு ஒரு ஸ்டே (பிடித்து நிறுத்தும் பட்டை) கட்டாயம். அது இல்லாவிட்டால் இன்ஜின் ஆடி ஆடி அடிப் போல்ட்டை முறிக்கும்.

படி 3: பிரைமரி செயின்

இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயின் இது. பழைய ஸ்ப்ராக்கெட் இந்த ஷாஃப்டில் ஏறாது. 06பி-2 என்ற செயின் அளவில் 25 பல் இரட்டை வரிசை ஸ்ப்ராக்கெட் வாங்கி, லேத்தில் 25.4 மி.மீ. துளையும் 6.35 மி.மீ. கீவேயும் (ஷாஃப்டோடு பூட்டும் கீ உட்காரும் பள்ளம்) போடச் சொல்லுங்கள் (ஷாஃப்டை அளந்து உறுதிசெய்த பிறகு). கீ தளர்வாக இருக்கவே கூடாது. சுமார் 19:1 கம்ப்ரஷன் உள்ள ஒற்றை சிலிண்டர், ஒவ்வொரு வெடிப்பிலும் சுத்தியலால் அடிப்பது போலத்தான் செயினை இழுக்கும். பக்கத்து ஸ்க்ரூவை மட்டும் நம்பினால் கீவே அகண்டுவிடும். ஷாஃப்ட் முனை போல்ட்டில் தடித்த வாஷர் போட்டு ஸ்ப்ராக்கெட்டை இறுக்குங்கள். பின் ஹப்பில் உள்ள குஷ் ரப்பரையும் (அதிர்ச்சி தாங்கும் ரப்பர்) புதிதாக மாற்றுங்கள், இந்த அடியை வாங்கிக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

நேர்ப்பட்டியை இரண்டு ஸ்ப்ராக்கெட்டிலும் வைத்துப் பாருங்கள். அரை மி.மீ.க்கு மேல் கோணல் இருந்தால் செயின் பல்லைத் தின்னும். கோடு நேராக வர இன்ஜினைச் சற்றுப் பக்கவாட்டில் தள்ள வேண்டியிருக்கலாம், தள்ளுங்கள். நடுவில் உட்காரவில்லையே என்று வருந்த வேண்டாம். செயினின் நடுவில் மேலும் கீழும் 6 மி.மீ. ஆட்டம் போதும். பழைய செயின்கேஸ் பொருந்தாது. 3 மி.மீ. தகட்டில் ஆயில் சீல் வைத்துப் புதிதாகக் கட்டுவதே சரி. திறந்த செயினும் ஓடும், ஆனால் சீக்கிரம் தேயும். பேன்ட்டையும் விரலையும் காக்க அப்போதும் கார்டு வேண்டும்.

படி 4: கியர் கணக்கு

கிளட்ச் ஸ்ப்ராக்கெட் 56 பல். 56ஐ 25ஆல் வகுத்தால் 2.24. பின்சக்கரத்தில் 38, கியர்பாக்ஸில் 16 பல் என்றால் டாப் கியரில் மொத்தம் 5.32. 3.25-19 டயரின் சுற்றளவு சுமார் 2.03 மீட்டர், 3600 ஆர்பிஎம்மில் மணிக்கு 82 கி.மீ. 17 பல் போட்டால் 88. அதற்கு மேல் போகாதீர்கள். 10 எச்பி அந்தக் காற்றைக் கிழிக்காது, டாப் கியரில் இன்ஜின் மூச்சு முட்டும்.

படி 5: ஆக்ஸிலரேட்டரும் நிறுத்தும் கேபிளும்

டீசலில் கார்புரேட்டர் இல்லை. கைப்பிடி கேபிளை கவர்னரின் (இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) வேக லீவரில் மாட்டுங்கள், கேபிள் அறுந்தால் ஐடிலுக்குத் திரும்பும்படி ஸ்பிரிங் போடுங்கள். நீங்கள் கேட்பது வேகம். எவ்வளவு டீசல் விடுவது என்று முடிவு செய்வது கவர்னர். அதனால் முதலில் ஓட்டம் குலுக்கலாகத் தெரியும். அதற்காகக் கவர்னரைக் கழற்றுபவர்களும் சீல் வைத்த ஸ்க்ரூவைத் திருகுபவர்களும் உண்டு. இரண்டும் இன்ஜினைச் சிதறடிக்கும் வேலை.

சாவியைத் திருப்பினால் டீசல் இன்ஜின் நிற்காது. பம்பின் நிறுத்தும் லீவருக்குத் தனிக் கேபிள் இழுத்து ஹேண்டில்பாரில் வையுங்கள்.

படி 6: டீசல் லைன், பேட்டரி

டேங்க் உயரத்தில் இருப்பதால் டீசல் தானாகவே இறங்கும். பெட்ரோல் டேப்புக்குப் பதில் 8 மி.மீ. துளையுள்ள டேப், அதற்கடுத்து டீசல் ஃபில்டர். நாசிலிலிருந்து (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் பாகம்) கசியும் டீசலுக்கு டேங்குக்கே ரிட்டர்ன் லைன் விடுங்கள். முதல் முறை நாசில் பக்க நட்டைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை இன்ஜினைச் சுற்றி, லைனில் உள்ள ஏரை எடுங்கள். ஸ்டார்ட் ஆகவில்லை என்ற புகாரில் பாதிக்கு மேல் இந்த ஏர்தான்.

செல்ஃப் வேண்டுமென்றால் 12 வோல்ட், 36 ஏஎச் பேட்டரி. பக்கப்பெட்டியில் அடங்காது, தட்டு செய்ய வேண்டும். ஃபேன் காற்று இழுக்கும் பக்கத்தை எதனாலும் மூடாதீர்கள்.

படி 7: முதல் ஓட்டம்

15டபிள்யூ-40 ஆயில் சுமார் 1.6 லிட்டர், டிப் ஸ்டிக் மேல்கோடு வரை மட்டும். அதிகமானால் பிரீதர் (கிராங்க்கேஸ் காற்று வெளியேறும் குழாய்) வழியாக ஆயிலையே எரித்து இன்ஜின் கட்டுக்கடங்காமல் சுற்றும்; அப்போது ஏர் ஃபில்டர் வாயை ஒரு பலகையால் அடைத்தால்தான் நிற்கும். குளிர்ந்த நிலையில் வால்வு இடைவெளி 0.15 மி.மீ.

ஃபிளைவீல் கனமானது, ஆர்பிஎம் மெதுவாகவே இறங்கும். கிளட்ச் பிடித்து ஒரு நொடி பொறுத்து கியர் மாற்றுங்கள், இல்லையேல் பல் கரகரக்கும். முதல் 50 கி.மீ. முடிந்ததும் தொட்டில், ஸ்டே, சைலன்சர் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். எல்லா இடத்திலும் நைலாக் நட் (அதிர்விலும் தளராத நைலான் வளைய நட்). 20 மணி நேரம் ஓடியதும் ஆயில் மாற்றி, அப்படியே வெல்டிங் ஓரங்களைத் துடைத்துவிட்டு விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.