கூட்டாளியா, கூட்டணியா, கூட்டாட்சியா? எங்கே சறுக்குகிறோம்

“கட்சித் தலைவர் தன் கூட்டாளிகளுடன் ஆளுநரைச் சந்தித்து மனு கொடுத்தார்.” மொழிபெயர்ப்பு ஒன்றைத் திருத்தும்போது கண்ணில் பட்ட வரி. இலக்கணத்தில் பிழை ஏதும் இல்லை. ஆனால் படித்ததும் நினைவுக்கு வருவது ஆளுநர் மாளிகையா, காவல் நிலையமா? ‘ரவுடியும் அவனது கூட்டாளிகளும் கைது’ என்று எழுதி எழுதியே தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் அந்தச் சொல்லின் பெயரைக் கெடுத்துவிட்டன. தொழிலில் சேர்ந்து பணம் போட்டவரைக் கூட்டாளி என்கிறோம், அதில் குறையில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் யாழ்ப்பாணத்திலும் கூட்டாளி என்றால் நெருங்கிய நண்பன். தமிழ்நாட்டு அரசியல் செய்தியில் மட்டும் அது ஒட்டாது. ‘தோழமைக் கட்சித் தலைவர்களுடன்’ என்று மாற்றினேன், வரி சரியாகிவிட்டது.

பங்காளி என்ற சொல்லும் இப்படித்தான் இடத்துக்கு இடம் நிறம் மாறும். இலங்கைத் தமிழ் ஏடுகளில் ‘பங்காளிக் கட்சி’ என்றால் ஒரு கூட்டமைப்பில் அங்கம் வகிக்கும் கட்சி, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் பங்காளி என்றதும் வரப்புத் தகராறுதான் நினைவுக்கு வரும். ஒரே சொத்துக்கு உரிமை கொண்டாடுகிறவர்கள் அல்லவா! திமுகவையும் அதிமுகவையும் பங்காளிகள் என்று கிண்டலாகச் சொல்வது இந்தப் பொருளில்தான். அந்த இரண்டும் ஒன்றாகக் கைகோத்துத் தேர்தலைச் சந்தித்ததே இல்லை.

சரி, கூட்டணிக்கு வருவோம். கூட்டு + அணி. ‘கூட்டு’ தெரிந்த சொல். கூட்டுறவு, கூட்டுக்குடும்பம் எல்லாவற்றிலும் இருப்பது. பாதிப் பேர் கவனிக்காமல் விடுவது ‘அணி’யை. அணிந்துகொள்ளும் நகையும் அணி, வரிசையும் அணி, போர்க்களத்தில் வகுத்து நிறுத்திய படைப்பிரிவும் அணி. கூட்டணியில் இருப்பது படை. அணிவகுப்பு, முன்னணி, பின்னணி எல்லாம் அதே குடும்பம். ஆகவே ‘கூட்டனி’ என்று இரண்டு சுழி னி போடுகிறவர்கள் எழுத்தை மட்டும் மாற்றவில்லை, படையையே கலைத்துவிடுகிறார்கள்.

இந்த ‘அணி’ தனியாக நிற்கும்போது இன்னும் குழப்பம். மகளிர் அணி, இளைஞர் அணி என்றால் கட்சியின் ஒரு பிரிவு. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு அதிமுக இரண்டாகி, 1989 தேர்தலில் ஜெயலலிதா தரப்பு சேவல் சின்னத்திலும் ஜானகி தரப்பு இரட்டைப் புறா சின்னத்திலும் நின்றபோது, ‘ஜெ அணி, ஜா அணி’ என்றார்கள். அங்கே அணி என்பது பிளவு. ‘மூன்றாவது அணி’ என்னும்போதோ பல கட்சிகளின் சேர்க்கை. ‘அதிமுக அணி’ என்று மொட்டையாக எழுதினால் எந்த அணி என்று வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பார்? சேர்க்கையைச் சொல்ல வேண்டுமென்றால் ‘அதிமுக கூட்டணி’ என்றே எழுதிவிடுங்கள்.

பெயர்ச்சொற்களில் கைவைப்பது அடுத்த தவறு. 1989இல் வி.பி. சிங்கைப் பிரதமராக்கியது தேசிய முன்னணி. 1996இல் ஆட்சிக்கு வந்தது ஐக்கிய முன்னணி. 1998இல் உருவானதுதான் தேசிய ஜனநாயகக் கூட்டணி, 2004இல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி. முன்னணியும் கூட்டணியும் ஒன்றுதானே என்று மாற்றிப் போட்டால் ஆட்சியே மாறிவிடும். ஈழத்துப் பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். 1976இல் அந்தப் பெயரை எடுத்துக்கொண்ட தமிழர் விடுதலைக் கூட்டணியின் ஆங்கிலப் பெயரில் இருப்பது ‘ஃபிரண்ட்’ (Front). 2001இல் உருவான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் ஆங்கிலப் பெயரில் இருப்பது ‘அலையன்ஸ்’ (Alliance). ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழாக்குகிறவர் முதலாவதை முன்னணி ஆக்குவார், இரண்டாவதைக் கூட்டணி ஆக்குவார். இரண்டுமே தப்பு. அவரவர் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் எதுவோ அதுதான் பெயர்.

எனக்கு அதிகம் உறுத்துவது ‘கூட்டாட்சி’. “யாருக்கும் பெரும்பான்மை இல்லை, கூட்டாட்சி அமைய வாய்ப்பு” என்று ஒரு தலைப்பைப் பார்த்தால் பேனாவைத் தேடுவேன். கூட்டாட்சி என்பது ஒன்றிய அரசும் மாநிலங்களும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறை. ‘மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி’ என்று 1970இல் திருச்சி மாநாட்டில் கருணாநிதி முழங்கியது அந்தப் பொருளில். டெல்லியில் நான்கு கட்சி சேர்ந்து ஆள வேண்டும் என்று அவர் கேட்டதாக இளைஞர்கள் சிலர் இன்றைக்குப் புரிந்துகொள்கிறார்கள். பல கட்சிகள் சேர்ந்து அமைச்சரவை அமைத்தால் அது கூட்டணி ஆட்சி. (இலங்கையில் இந்த வம்பு குறைவு, அங்கே கூட்டாட்சிக்குச் ‘சமஷ்டி’ என்று வேறொரு சொல் புழங்குகிறது.)

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. கூட்டணி ஜெயித்தால் கூட்டணி ஆட்சி என்று பொருளில்லை. 1967இல் அண்ணா சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்ட் கட்சி, முஸ்லிம் லீக் என எதிரும் புதிருமான கட்சிகளைச் சேர்த்துக்கொண்டு நின்றார். திமுகவுக்கே தனிப் பெரும்பான்மை கிடைத்தது, தனியாகவே ஆட்சி அமைத்தது. 2006இல் 234 இடங்களில் திமுக வென்றது 96 மட்டும். அப்போதும் அமைச்சர்கள் எல்லாரும் திமுகதான். 34 இடம் வைத்திருந்த காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தது. அதைக் கூட்டணி ஆட்சி என்று எழுதுவது பிழை, சிறுபான்மை அரசு என்பதே சரி. மாறாக 1952இல், சென்னை மாநிலத்தின் 375 இடங்களில் 152 மட்டுமே பெற்ற காங்கிரஸ் ஆட்சி அமைத்தபோது, ராஜாஜியின் அமைச்சரவையில் காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் இருந்தார். அமைச்சர் நாற்காலி யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தால் போதும், எந்தச் சொல் என்று தெரிந்துவிடும். இடங்களை மட்டும் பிரித்துக்கொண்டு நிற்பதற்குத் தொகுதி உடன்பாடு என்ற தனிச்சொல் இருக்கிறது.

ஒற்றெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டணிக் கட்சி, தோழமைக் கட்சி, முற்போக்குக் கூட்டணி: மூன்றிலும் க் வேண்டும். இடமில்லை என்று சுவரொட்டியில் விட்டுவிடுகிறார்கள், அதையே பார்த்துப் பழகிக் கட்டுரையிலும் விடுகிறோம்.

அப்புறம், ‘நேச நாடுகள்’. இரண்டு உலகப் போர்களிலும் ஒரு தரப்புக்கு நிலைத்துவிட்ட பெயர் அது. இன்றைய செய்தியில் அதைப் போட்டால் சர்ச்சில் எழுந்து வந்துவிடுவார். நட்பு நாடுகள் என்றால் போதும்.

பழைய தமிழே இருக்கிறதே, ‘துணை’ என்று எழுதினால் என்ன என்று தனித்தமிழ் அன்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தன் வலிமை, எதிரியின் வலிமையோடு ‘துணைவலி’யையும் எடைபோடச் சொன்னவர் வள்ளுவர். துணை இல்லாமல் இரண்டு பகைவரிடம் ஒருவன் மாட்டிக்கொண்டால், அவர்களில் ஒருவரை இனிய துணையாக்கிக்கொள் என்று 875ஆம் குறளில் கூட்டணிக் கணக்கே போட்டுக் கொடுக்கிறார். ஆனால் அந்தச் சொல் நம் காலத்தில் துணை முதல்வர், துணைவேந்தர், துணைத் தலைவர் என்று இரண்டாம் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டது. ‘துணைக் கட்சி’ என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். அந்தக் கட்சியின் மாவட்டச் செயலாளர் மறுநாள் காலையிலேயே தொலைபேசியில் கூப்பிடுவார்.