6, 7, 8ம் வகுப்பு இங்கிலீஷ் பரீட்சைக்கு சிமிலி, மெட்டஃபர், தீம் எல்லாம் ரிவைஸ் பண்றது எப்படி

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் 6, 7, 8 படிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்காக எழுதுறேன். பரீட்சை நெருங்கினா நிறைய பேரு சிமிலின்னா என்ன, மெட்டஃபர்னா என்னன்னு டெஃபனிஷனை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு போறாங்க, ஆனா பேப்பர்ல பெரும்பாலும் ஒரு பாட்டு வரியைக் குடுத்து இதுல என்ன ஃபிகர் ஆஃப் ஸ்பீச் வந்திருக்குன்னுதான் கேப்பாங்க. அதனால வரியைப் பாத்து கண்டுபிடிக்கத்தான் பழகணும்.

முதல்ல ஒரு பழைய நோட்டை எடுத்து பக்கத்தை 3 பாகமா கோடு போடுங்க. முதல் கட்டத்துல டெர்ம் பேரு, ரெண்டாவதுல உங்க புக்ல இருக்குற வரி, மூணாவதுல ஏன் அப்படி சொல்றேன்னு காரணம். மூணாவது கட்டத்தை மட்டும் காலியா விட்டுடாதீங்க, மார்க் அங்கதான் இருக்கு.

அடுத்து ஒரே விஷயத்தை எடுத்து எல்லா டெர்ம்லயும் மாத்தி மாத்தி எழுதிப் பாருங்க. நம்ம ஒகேனக்கல் அருவியையே எடுத்துக்கலாம். ‘த ஃபால்ஸ் இஸ் லைக் எ ஒயிட் கர்ட்டன்’ இது சிமிலி, லைக் வந்திருக்கு, அருவியையும் திரையையும் ஒப்பிட்டிருக்கு. லைக்கை எடுத்துட்டு ‘த ஃபால்ஸ் இஸ் எ ஒயிட் கர்ட்டன்’னா மெட்டஃபர். ‘த ரிவர் சாங் ஆல் நைட்’னா பர்சானிஃபிகேஷன், ஏன்னா பாடுறது மனுஷன் செய்யிற வேலை. ‘இட்ஸ் ரோர் ஷுக் த ஹோல் வேர்ல்ட்’னா ஹைபர்போலி, உலகமே எங்க குலுங்குச்சு, சும்மா பெருசு பண்ணி சொல்றது. தமிழ்ல உவமை, உருவகம், உயர்வு நவிற்சின்னு படிச்சது ஞாபகம் இருந்தா பாதி வேலை முடிஞ்சது.

இங்க ஒரு பொறி இருக்கு கவனிங்க. லைக் வந்தாலே சிமிலி கிடையாது. ‘ஐ லைக் மேங்கோஸ்’ல என்ன ஒப்பீடு இருக்கு, மாம்பழம் பிடிக்கும் அவ்ளோதான். ‘அஸ்’ (as) வந்தாலும் அப்படித்தான். எதை எதோட ஒப்பிட்டிருக்காங்கன்னு ரெண்டு பொருளையும் விரல் வெச்சு காட்ட முடிஞ்சா மட்டும் சிமிலின்னு எழுதுங்க.

அலிட்டரேஷன்னா பக்கத்து பக்கத்து வார்த்தைங்க ஒரே சத்தத்துல ஆரம்பிக்கிறது, அதுக்கு எழுத்தைப் பாக்காதீங்க, சத்தத்தைக் கேளுங்க. சிட்டியும் (city) கேட்டும் (cat) ஒரே எழுத்துல ஆரம்பிச்சாலும் சேராது, ஃபோட்டோவும் ஃபேனும் வேற வேற எழுத்து ஆனா சேரும். ரைம் ஸ்கீமும் அதே மாதிரி, கடைசி வார்த்தையை வாய்விட்டு சொல்லிப் பாருங்க, நைட், ஸ்கை, லைட், ஃப்ளைன்னு வந்தா ஏபிஏபி, அதாவது 1, 3வது வரி ஒரு ரைம், 2, 4வது வரி இன்னொரு ரைம். கம், ஹோம் ரெண்டுக்கும் ஸ்பெல்லிங் ஒரே மாதிரி முடியும், ரைம் ஆகாது.

பேசேஜுக்கு வருவோம். கேள்வியை முதல்ல படிங்க, அப்புறம் பேசேஜ். இன்ஃபரன்ஸ் கேள்விக்குத்தான் பசங்க தடுமாறுறாங்க, ஏன்னா பதில் நேரடியா எழுதியிருக்காது. இதைப் பாருங்க: ‘ஃபாதர் டைட் த ரோப் ஓவர் த மேங்கோ க்ரேட்ஸ், லுக்ட் அட் த டார்க் ஸ்கை அண்ட் டோல்ட் த டிரைவர் டு ஹரி.’ அப்பா ஏன் அவசரப்படுத்துறாரு? மழைங்கிற வார்த்தையே அந்த வரியில இல்ல. ஆனா வானம் இருட்டிருக்கு, மாங்கா லோடு லாரியில இருக்கு, சீக்கிரம் போங்கிறாரு, அப்போ மழை வந்து சரக்கு நனைஞ்சுடும்னு பயப்படுறாரு. பதில் எழுதும்போது ‘டார்க் ஸ்கை’ன்ற அந்த வார்த்தையையும் சேத்து எழுதுங்க, அதுதான் ஆதாரம்.

டாபிக் வேற, தீம் வேற. ஃப்ரெண்ட்ஷிப்ங்கிறது டாபிக், கஷ்டத்துல கூட நிக்கிறவன்தான் நண்பன்னு கதை சொல்ற விஷயம் தீம், அதனால தீமை முழு வாக்கியமா எழுதணும். செட்டிங்னா எங்க, எப்போ, ரெண்டும் வேணும். பாயிண்ட் ஆஃப் வியூ பாக்கும்போது கொட்டேஷனுக்குள்ள வர்ற ‘ஐ’யை கணக்குல எடுக்காதீங்க, கதை சொல்றவரு தன்னை ‘ஐ’ன்னு சொன்னாதான் ஃபர்ஸ்ட் பர்சன்.

பரீட்சைக்கு முந்தின நாள் புதுசா எதுவும் படிக்க வேணாம். நோட்ல வரி இருக்குற கட்டத்தை மட்டும் தெரிய விட்டு மத்த ரெண்டையும் மூடிட்டு டெர்மும் காரணமும் சொல்லுங்க. வீட்ல யாருக்கும் இங்கிலீஷ் தெரியலைன்னாலும் பரவால்ல, அப்பா பெங்களூருக்கு வேலைக்குப் போயிருந்தா பாட்டிகிட்ட நோட்டைக் குடுங்க, ‘எதை எதோட ஒப்பிட்டாங்க, ஏன்?’னு மட்டும் கேக்கச் சொல்லுங்க, நீங்க தமிழ்லயே விளக்குங்க. பாட்டிக்குப் புரியலைன்னா அந்த வரிக்கு ஒரு டிக் போட்டு வெச்சு காலையில முதல் வேலையா அதை மட்டும் திரும்பப் பாருங்க.